வலது சிறுநீரகம் படத்தில் இல்லை

மார்ச் 6

வணக்கம்.

நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் உங்களுக்கு முன்னால் குடியிருந்தவள் நான். அவருக்கு முதல் மனைவி. இதற்கு மேல் அறிமுகம் வேண்டியதில்லை.

இன்று காலை என் கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தபோது நாய் மருத்துவமனையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சுக்குவைக் குட்டியாகக் கொண்டுவந்தபோது என் பெயரில்தான் பதிந்தோம். அதை இன்னும் யாரும் மாற்றவில்லை போலிருக்கிறது. எக்ஸ்ரே அறிக்கையை உரிமையாளருக்கு ஒரு பிரதி, அழைத்து வந்தவருக்கு ஒரு பிரதி என்று அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரி எனக்கு அப்படித்தான் கிடைத்தது. உரிமையாளர் என்ற இடத்தில் நான் இருந்தேன். அழைத்து வந்தவர் என்ற இடத்தில் 'மனைவி' என்று இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர், "கடைசி வரி தெரியலம்மா" என்றார். அந்த நேரம் எனக்கு எந்த வரியும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பின்னங்காலில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்று போட்டிருக்கிறது. நல்லது. அறிக்கையின் அடியில் 'தற்செயலாகத் தெரிந்தவை' என்று தனியாக இரண்டு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? வலது சிறுநீரகத்தின் நிழல் படத்தில் இல்லை, இடது பெரிதாக இருக்கிறது, ஸ்கேன் செய்து பார்க்கவும் என்று.

அது இல்லாமல்தான் இருக்கும். சுக்குவுக்கு ஒரு வயதில் குட்டி போடாமலிருக்க அறுவை செய்தபோதே டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "கர்ப்பப்பையில வலது கிளையே இல்லம்மா. பிறவியிலேயே அப்படி. அந்தப் பக்கம் கிட்னியும் இல்லாம இருக்க வாய்ப்பிருக்கு. ஒண்ணு போதும், நல்லாவே வாழ்வா. ஆனா வலி மாத்திரை கொடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை." வீட்டுக்கு வந்து அவரிடமும் அன்றே சொன்னேன். "சரி சரி" என்றார். அவருடைய 'சரி சரி' இதற்குள் உங்களுக்கும் பழகியிருக்கும்.

சுளுக்குக்கு வலி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கொடுத்துக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். பதில் வேண்டாம்.

*

மார்ச் 8

வணக்கம்.

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மாத்திரையைக் கொடுத்தது என் கை. அதற்கு இரண்டு வரியாவது எழுத வேண்டும் போலிருக்கிறது.

நான் துடைத்துவிட்டு வந்த ஈரப் படியில்தான் அவள் வழுக்கினாள். வலியென்றால் தாங்க மாட்டாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவமனையில் என்னை வெளியே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், கிண்ணத்தில் போட்டதைப் பாதியில் விட்டாள். வலியினால் என்று நினைத்துக்கொண்டேன். அடியில் இருந்த அந்த இரண்டு வரியை நான் படிக்கவேயில்லை. 'முறிவு இல்லை' என்பதைப் பார்த்ததும் நிம்மதியாக மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் ஓடினேன். டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். சிறுநீரகம் திணற ஆரம்பித்திருந்தது. மாத்திரையை நிறுத்தி, இரண்டு நாள் சொட்டு மருந்து ஏற்றினார்கள். இப்போது சரியாகிவருகிறது. "இதை யாரு சொன்னது? நல்ல நேரத்துல சொல்லியிருக்காங்க" என்று டாக்டர் கேட்டார். "தெரிஞ்சவங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

நன்றி. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "சுக்குக்கு ஒரு கிட்னிதானாமே?" என்று. "ஆமா, யாரோ அப்படிச் சொன்ன ஞாபகம்" என்றார். யாரோ. அந்த 'யாரோ'வைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஸ்கேன் செய்ய அவளை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். என்னிடம் எல்லாம் செய்வாள், அது மட்டும் செய்ய மாட்டாள். புரட்டினால் உறுமுகிறாள். மயக்க ஊசி இப்போது வேண்டாம் என்கிறார் டாக்டர். உங்களிடம் படுத்திருக்கிறாளா? எப்படி?

*

மார்ச் 10

நன்றியை எடுத்துக்கொண்டேன். 'யாரோ'வையும் எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை, அவருடைய ஞாபகசக்தி அந்த லட்சணம்தான். நாளைக்கு உங்களையும் யாரோ ஆக்க அவருக்கு அதிக நேரம் ஆகாது.

மேசைமேல் தூக்கிவைத்தால் உறுமத்தான் செய்வாள். தரையில் கால் நீட்டி உட்காருங்கள். தலையை மடியில் வையுங்கள். கழுத்துக்குக் கீழே மெதுவாகச் சொறிந்துகொண்டே, "தொப்பை எங்கே? யாருக்கு இந்தத் தொப்பை?" என்று கேளுங்கள். தானாகவே புரண்டு நாலு காலையும் மேலே தூக்குவாள். கெஞ்சும் குரல் வேண்டாம், கொஞ்சும் குரல் வேண்டும். நான் வந்து மூன்று வருடமாகிறது. மறந்திருக்கலாம். மறந்திருந்தால் எனக்கு எழுதாதீர்கள்.

நான் சுளுக்கைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு மூடியிருக்க வேண்டும். ஆனால் எக்ஸ்ரே மாதிரியே, உங்கள் கடிதத்திலும் தேடாத ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும்போது நாயைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரர்களுக்கு ஈயக் கவசம் மாட்டிவிட்டு உள்ளேயே நிறுத்துவார்கள் அங்கே. நான் பலமுறை நின்றிருக்கிறேன். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் ஒரு பெண்ணை வெளியே அனுப்புவார்கள்.

எத்தனை மாதம்?

*

மார்ச் 19

ஆமாம். மூன்று மாதம். நீங்கள் கேட்காமலிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் மனசு நோகக்கூடாதென்று மட்டும் அல்ல. அது ஒன்றாவது உங்களுக்குத் தெரியாமல் எனக்கென்று இருக்கட்டும் என்றும்தான். இந்த வீட்டில் மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எந்தக் குழாய் சொட்டும், எந்த ஜன்னல் சாத்தாது என்பது வரைக்கும்.

ஸ்கேன் முடிந்தது. இருட்டு அறையில் தரையில் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதுபோலவே கேட்டேன். "யாருக்கு இந்தத் தொப்பை?" காது இரண்டும் விறைத்தன. என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே புரண்டாள். வயிற்று முடியைச் சிரைத்தபோதும், அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியபோதும் அசையவில்லை. ஆனால் தலையை மட்டும் பின்னுக்குத் தள்ளிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் டாக்டர், "யாரையோ எதிர்பார்க்கிறா போல" என்றார். யாரையென்று எனக்குத் தெரியும். அவளைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை இறுகிவிட்டது. "அம்மா, விட்டுப் பிடிங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வலது பக்கம் சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் குடல்தான் இருக்கிறது. "ரெண்டு பேர் வேலையை ஒருத்தனே பார்க்கிறான், அதான் ஆள் கொஞ்சம் பருத்திருக்கான்" என்று இடதுபக்கத்தைக் காட்டினார். ஆனால் அதற்குள்ளே ஒரு கல் இருக்கிறது. கடுகு அளவு. இதுவும் தேடாமல் கிடைத்ததுதான். "இப்ப அதைத் தொட வேணாம். தண்ணி நிறைய குடிக்கணும். சாப்பாட்டை மாத்துறேன். மூணு மாசத்துக்கு ஒருதரம் பார்ப்போம். அது கீழே இறங்காம இருக்கிற வரைக்கும் பயமில்ல" என்றார். இறங்கினால் என்ன என்று நான் கேட்கவில்லை. இருப்பது ஒன்று. அதன் வழி அடைத்தால் என்ன ஆகுமென்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

மருத்துவமனை கவுண்டரில் உங்கள் முகவரியை எடுத்துவிடச் சொல்லத்தான் போனேன். வாய் வரை வந்தது. அப்புறம், வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

*

மார்ச் 22

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். என்னைவிடச் சின்னவள் நீ. கோபத்தை மரியாதையோடு எழுத எனக்கு வரவில்லை.

கதவைப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நாய் ஒரு கதவைப் பார்த்ததற்காக.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது எனக்கு முன்பே தெரியும். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறாய். அங்கே லிஃப்ட் பழுதானபோது அவர் சரிபார்க்க வந்தார். அப்புறம் அந்த லிஃப்ட் ஊரில் எந்த லிஃப்டும் பழுதாகாத அளவுக்குப் பழுதானது. ஓர் இயந்திரத்துக்கு அவ்வளவு நோய் வருமா என்று நான் அவரையே கேட்டேன். "பழைய மோட்டார்" என்றார். நான் பெட்டியோடு அந்த ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, வண்டி மூன்றாம் நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னது யார்? நீதானோ? நல்ல குரல். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை.

நான் சண்டை போடவில்லை. வீட்டைக் கேட்கவில்லை. வேலை தேடி வந்த இந்த ஊரில் எனக்குக் கிடைத்தது ஓர் ஒற்றை அறை. அதில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். அதனால்தான் அவளை விட்டுவிட்டு வந்தேன். யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது என்னிடம் முற்றம் வைத்த வீடு இருக்கிறது. உன்னிடம் அவர் இருக்கிறார், வீடு இருக்கிறது, இனிக் குழந்தையும் இருக்கும். ஒரு சிறுநீரகத்தோடு, அதிலும் ஒரு கல்லோடு இருக்கும் கிழட்டு நாய் உனக்கு எதற்கு? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேனுக்கு நீ எப்படி ஓடுவாய்?

சுக்குவை என்னிடம் கொடுத்துவிடு.

*

மார்ச் 29

முடியாது.

ஒரு வரியில் எழுதினால் திமிர் என்று நினைப்பீர்கள். அதனால் காரணத்தையும் எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்குள் வந்தபோது சுவரெல்லாம் ஆணி அடித்த ஓட்டை. படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், ஓட்டை இருந்தது. எந்த இடத்தில் எந்தப் படம் இருந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். அவருடைய அம்மா வந்தால் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்னாடி இது இந்தப் பக்கம் இருக்கும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரி என்னை உங்கள் பெயரில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவர் வாயைத் திறந்து எதையும் ஒப்பிட மாட்டார், அதுவே போதும், அவர் எதை நினைக்கிறார் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

சுக்கு மட்டும்தான் ஒப்பிடவில்லை. முதல் வாரம் சோபாவுக்கு அடியில் கிடந்தாள். நானும் அந்த வாரம் எங்கே உட்காருவதென்று தெரியாமல்தான் இருந்தேன். ஒரு மத்தியானம் வெளியே வந்து என் காலடியில் படுத்தாள். இந்த வீட்டில் எனக்கு முதலில் இடம் கொடுத்தவள் அவள். அன்றிலிருந்து, வேலை முடிந்து நான் தெருமுனையில் திரும்பும்போதே குரைப்பாள். பன்னிரண்டு நடைமேடைக்குக் கேட்கிற மாதிரி நாளெல்லாம் பேசிவிட்டு வருகிறேன். எனக்காகச் சத்தம் போடுகிற ஒரு ஜீவன் வேண்டாமா?

லிஃப்ட் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. அதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பதிலாக நாயைக் கேட்காதீர்கள். அவள் என்ன, வாங்கிய கடனுக்கு ஈடா?

நாள்தோறும் அவள் குடிக்கும் தண்ணீரை நான்தான் அளந்து வைக்கிறேன். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இனி எழுத வேண்டாம்.

*

ஜூன் 14

இனி எழுத வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். இப்போது நானே எழுதுகிறேன்.

இந்த மாத ஸ்கேனுக்கு நாளிருக்கும்போதே நேற்று வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். முதுகை வளைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். கல் இறங்கிவிட்டது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில் சிக்கி நிற்கிறது. மேலே சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் தாங்கிப்பிடிக்க யாரும் இல்லை.

"இங்க செய்ய முடியாதும்மா. உள்ளே குழாய் வைக்கணும். அதுக்கு ஆள் இருக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணுதான்" என்று டாக்டர் போனில் ஊர்ப் பெயரைச் சொன்னார். உங்கள் ஊர்.

எனக்கு ஏழாவது மாதம் நெருங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பயணம் கூடாது, படுக்கையை விட்டு இறங்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்றே காரில் அவளைக் கொண்டுவருகிறார். ஆனால் அவரால் அங்கே தங்க முடியாது. என்னை இப்படி விட்டுவிட்டு அவர் தங்கக்கூடாது என்று நானும் சொல்வேன், அவருடைய அம்மாவாலும் இப்போது வர முடியாது, வேறு யாரும் எனக்கு இல்லை. அறுவை முடிந்தபின் அவளை வைத்துப் பார்த்துக்கொள்ள, இரண்டு மணிக்கொருதரம் எழுந்து பார்க்க, அங்கே ஓர் ஆள் வேண்டும்.

உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்? கேட்கிறேன். அவளுடைய சாப்பாடு, மருந்து, போர்வை எல்லாம் காரில் வருகிறது. போர்வையைத் துவைத்துவிடாதீர்கள்.

*

ஜூன் 17

பிழைத்துவிட்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவர் வந்தபோது நான் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கார்க் கதவைத் திறந்தார். நீ கேட்கமாட்டாய், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டுமென்று துடிப்பாய், அதனால் சொல்கிறேன். மூன்று வருடத்துக்குப் பிறகு பார்த்தோம். "கண்ணாடி மாத்திட்டியா?" என்றார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான். சுக்குவை என் கையில் கொடுத்துவிட்டு, "அவள் தனியா இருக்கா, நான் கிளம்பறேன்" என்றார். அவள் என்றது உன்னை. எனக்கு உடம்பு சரியில்லாத நாள்களில் அவர் அப்படி ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. நீ அவரைத் திருத்தியிருக்கிறாய், அல்லது அவர் என்னிடம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு எரிந்தது.

ஆனால் சுக்கு. போர்வைக்குள்ளிருந்து மூக்கை நீட்டி என் மணிக்கட்டை முகர்ந்தாள். வாலை ஆட்டக்கூட வலுவில்லை, நுனி மட்டும் அசைந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை நக்கினாள். என்னைத் தெரிகிறது அவளுக்கு. நன்றாகத் தெரிகிறது.

அறுவை நாலு மணி நேரம். கல்லை விட்டுவிட்டு, அதைத் தாண்டி உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சிறுநீர் அதன் வழியாக இறங்குகிறது. வீக்கம் வடிகிறது. இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருப்பாள். அப்புறம் என் வீட்டுக்கு வருவாள். முற்றத்தில் அவளுக்கு இடம் ஒழித்து வைத்துவிட்டேன். புதிய போர்வை வாங்கியிருக்கிறேன்.

*

ஜூன் 18

பிழைத்துவிட்டாள் என்று படித்ததும் அழுதேன். அவர் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போனார். நல்ல அழுகை என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அதன் பிறகு எழுதியதையும் படித்தேன். முழங்கையிலிருந்து விரல் வரை. நீங்கள் வேண்டுமென்றேதான் அவ்வளவு விவரமாக எழுதினீர்கள். பரவாயில்லை, நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வீட்டில் கிண்ணம் காலியாக இருக்கிறது. என்னைத் தேடுகிறாளா? தேடவில்லை என்றால் தேடவில்லை என்றே எழுதுங்கள்.

புதிய போர்வை எதற்கு? பழையது கூடவே வந்திருக்கிறதே.

*

ஜூன் 20, காலை

அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்காவது லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருப்பார். உன் எண் என்னிடம் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன், உடனே பார்.

நேற்று காலை சிறுநீர்ப்பையிலிருந்த வெளிக்குழாயை எடுத்தார்கள். மருத்துவமனைக் கூண்டிலேயே கொஞ்சம் சிறுநீர் போனாள். நன்றாக இருக்கிறாள் என்று மத்தியானம் என்னோடு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. முற்றத்துக்கு அழைத்துப் போனேன். தெருவுக்கு அழைத்துப் போனேன். புல், மண், சிமெண்ட், எல்லாவற்றிலும் நிறுத்திப் பார்த்தேன். குந்துகிறாள், என்னைப் பார்க்கிறாள், எழுந்துவிடுகிறாள். நான் கெஞ்சினேன். கொஞ்சினேன். தொப்பைப் பாட்டெல்லாம் பாடினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

விடிந்ததும் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் பார்த்தோம். உள்ளே வைத்த குழாய் சரியாக இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்கிறது. பை நிறைந்து பலூன் மாதிரி இருக்கிறது. டாக்டர், "அடைப்பு எதுவும் இல்லம்மா. இவளேதான் அடக்கி வச்சிருக்கா. மத்தியானத்துக்குள்ள போகலைன்னா மறுபடி குழாய் விடணும். இப்ப இருக்கிற நிலைமையில கிருமி உள்ளே போனா கஷ்டம்" என்றார். "வீட்டுல வழக்கமா யாரு வெளியே கூட்டிட்டுப் போறது? அவங்ககிட்ட கேளுங்க" என்றார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருந்தபோது அவளுக்கு இந்தக் கூச்சம் இல்லை. வாசலைத் திறந்தால் ஓடிப்போய் முடித்துவிட்டு வருவாள். இது உன்னிடம் வந்தபின் பழகியது. நீ என்ன சொல்வாய் அவளிடம்? எந்த வார்த்தை? சொல். கேட்க எனக்குக் கசக்கிறது, ஆனால் கேட்கிறேன்.

*

ஜூன் 20

அக்கா,

வார்த்தை ஒன்றும் இல்லை. எதுவும் சொல்லாதீர்கள்.

வாரைத் தளர்த்திவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். அவ்வளவுதான். ஓரக்கண்ணால் கூடப் பார்க்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவாள். தெருவையோ வானத்தையோ பார்த்துக்கொண்டு, அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி நில்லுங்கள். யாராவது பார்த்தால் அவளுக்கு வராது. நீங்கள் போன பிறகு அவளுக்கு அந்தப் பயம் வந்திருக்கிறது. கண்ணைத் தாழ்த்தினால் மறுபடி நிமிரும்போது ஆள் இருக்குமோ இருக்காதோ என்று. முதல் மாதம் முழுக்க என்னையும் படாதபாடு படுத்தினாள். ஒருநாள் எனக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே திரும்பினேன். அப்போதுதான் போனாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நான் திரும்பி நின்றால், எங்கேயும் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் நேற்றிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்குத் தெரியும். மூன்று வருடப் பாக்கியையும் சேர்த்துப் பார்ப்பீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் திரும்பி நில்லுங்கள், அக்கா.

கீழே என் எண் இருக்கிறது. ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது கூப்பிட வேண்டாம். என் குரலைக் கேட்டால் உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் என்னைத் தேட ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு அவள் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

*

ஜூன் 21

போனாள்.

நேற்றே எழுதியிருக்க வேண்டும், 'ஆச்சு' என்று ஒரு வார்த்தை அனுப்பியதோடு விட்டுவிட்டேன். 

முற்றத்தின் மூலைக்கு அழைத்துப் போனேன். வாரைத் தளர்த்தினேன். திரும்பினேன். எதிரே மதில், மதிலில் பக்கத்து வீட்டு ஏணி சாய்த்து வைத்திருந்தது. அந்த ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருடமாகப் பிறர் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். பார்க்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுதான் தெரிந்தது. அவள் மூச்சு விடுவது கேட்டது. கால் மாற்றி நிற்பது கேட்டது. இல்லை, வராது, என்று நினைத்து நான் திரும்பப் போன சமயம் சத்தம் வந்தது. நிற்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "குழாயை மூடலையா?" என்று கேட்டார். சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது.

டாக்டர் இன்று பார்த்தார். எல்லாம் இறங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஸ்கேன், அதன் பிறகு பயணம் செய்யலாம் என்றார். அதற்கு மேலும் அவளை இங்கே வைத்துக்கொள்ள நான் ஒரு சாக்கு யோசித்து வைத்திருந்தேன். முற்றம், மருத்துவமனை பக்கத்தில் இருப்பது, உன் உடல்நிலை, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். டாக்டரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். நான்தான் அதை அவரிடம் சொல்லவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். உன் கடிதத்தில் எல்லாவற்றையும்விட எனக்குக் குத்தியது, நான் போனதால் அவளுக்கு வந்த பயத்தை நீ ஆற்றியிருக்கிறாய் என்பது. அது நான் செய்திருக்க வேண்டிய வேலை. நீ செய்திருக்கிறாய், யாரும் சொல்லித்தராமல். அதற்காக உன்னைப் பிடிக்கவில்லை. அதற்காகவே உன்னைப் பிடிக்கவும் செய்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: தேடுகிறாள். நேற்று எல்லாம் முடிந்ததும் சுற்றி வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்தாள். முழு எடையும் போட்டுச் சாய்ந்துகொண்டாள். ஆனால் முகம் தெருப்பக்கம் இருந்தது. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். எனக்குக் கால் மரத்துவிட்டது, நகரவில்லை.

ஜூலை முதல் வாரம் நானே கொண்டுவந்து விடுகிறேன். அவரை அனுப்பாதே, அவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். ரயிலில் வருவோம், நாய்க்குச் சீட்டு எடுத்துக் கூடவே கூட்டி வரலாம் என்று விசாரித்துவிட்டேன். குழந்தை பிறந்து நீ எழுந்து நடமாடும் வரை அங்கே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறேன், அதுவரை கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். காலையும் மாலையும் வந்து அவளை வெளியே அழைத்துப் போகிறேன். உன் வீட்டுக்குள் வரமாட்டேன், வாசலில் நின்று வாரை வாங்கிக்கொள்கிறேன். நீ உள்ளே கூப்பிட்டால், அன்றைக்கு யோசிக்கிறேன்.